மார்கழியில் மட்டுமா பசி?

டிசம்பர் பிறந்துவிட்டால் சேலம் நகருக்குப் புது முகம் பிறந்துவிடுகிறது. ஐந்து ரோட்டிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் கடை முகப்புகளில் காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன. ரொட்டிக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் கேக்குகள் கொலுவிருக்கின்றன. பஞ்சுத் தாடியும் செஞ்சட்டையும் தரித்த கிறிஸ்துமஸ் தாத்தா, பனியே பெய்தறியாத நம் ஊரில், வியர்வை வழிய நின்று கைகுலுக்குகிறார். இவற்றோடு இன்னொன்றும் பிறக்கிறது. அதற்குப் பெயர் ஈகை! பதினோரு திங்கள் எந்த மூலையில் படுத்துறங்கியதோ, எவரும் அறியார். பன்னிரண்டாம் திங்களில் அது பட்டாடை உடுத்தி மேடை ஏறுகிறது.

அந்த மேடையின் இலட்சணத்தைக் காணுங்கள், தோழர்களே! மாலை நான்கு மணிக்கே வரச் சொல்லப்பட்ட மூதாட்டிகள் இரவு எட்டு மணிவரை பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கின்றனர். கையிலே டோக்கன். சிறப்பு விருந்தினர் வருகிறார். சால்வை போர்த்தப்படுகிறது. சொல்மாரி பொழிகிறது. கேக் வெட்டப்படுகிறது. பிறகு வருகிறது ஒரு சேலை. அந்த ஒரே சேலையை ஆறு பேர் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றனர். ஏழாவதாக ஒரு கை, நடுங்கும் கை, அதன் ஓரத்தைத் தொட அனுமதிக்கப்படுகிறது. "பாட்டி, இந்தப் பக்கம் பாருங்க! கொஞ்சம் சிரிங்க!" என்கிறார் படம் பிடிப்பவர். பாட்டி சிரிக்கிறாள். மறுநாள் காலை அந்தச் சிரிப்பு ஆயிரம் கைப்பேசிகளில் வலம் வருகிறது. வழங்கியவர் வள்ளலாகிறார், வாங்கியவள் அவர் வள்ளன்மைக்குச் சாட்சியாகிறாள்.

கேட்கிறோம்: ஒரு சேலையைத் தூக்க ஆறு கைகள் எதற்கு? அந்த ஆறிலே, அதை நெய்த கை ஒன்றுகூட இல்லையே, ஏன்? பள்ளிபாளையத்துத் தறியிலோ குமாரபாளையத்துத் தறியிலோ இரவெல்லாம் கண்விழித்து அந்த நூலுக்கு உயிர் கொடுத்தவள், ஒருவேளை, அந்த ஏழாவது கைக்கு உரியவளாகவே இருக்கக்கூடுமே! அவள் நெய்ததை அவளுக்கே தானமாக வழங்கி, அதற்கு அவளிடமே நன்றியும் வாங்கிக்கொள்ளும் விந்தையை எந்த அகராதியில் ஈகை என்று எழுதுவது?

கிறிஸ்தவரை இழித்துரைக்க இக்கட்டுரை எழவில்லை. ஆடிக்குக் கூழ் ஊற்றுவோரும், ரம்ஜானுக்கு அரிசி அளப்போரும், தலைவர் பிறந்தநாளுக்குப் பிரியாணிப் பொட்டலம் வீசுவோரும் இதே மேடையின் உறுப்பினர்களே. கிறிஸ்துமஸை நாம் எடுத்துக்கொண்டது, கொடுத்தலையே தன் கொடியாக உயர்த்திப் பிடிக்கும் பண்டிகை அது என்பதால்தான். அவர்கள் வணங்கும் நாசரேத்துத் தச்சரே, கொடுப்பதைத் தெருவில் முழக்கித் திரிவோரைக் கண்டித்தார் என்று அவர்கள் நூலே சொல்கிறது. எனவே, மேடை போட்டு வழங்குவோர் எம்மிடம் சினம் கொள்வதற்கு முன், தம் நூலோடு வழக்காடட்டும்.

ஈகை தீது என்று நாம் கூறவில்லை. உரிமை நிற்க வேண்டிய இடத்தில் ஈகை வந்து நாற்காலி போட்டு அமர்ந்துகொள்கிறதே, அதுதான் தீது என்கிறோம். இது ஏட்டிலே கற்ற தத்துவமன்று. நாம் நடமாடும் இந்த மண்ணே கற்பித்த பாடம்.

1876ஆம் ஆண்டு. பருவமழை பொய்த்தது. ஏரி வறண்டது, கிணறு வறண்டது, பிறகு கண்ணீரும் வறண்டது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையெல்லாம் தன்னுள் அடக்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை, 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19,66,995. பத்தாண்டு கழித்து, 1881இல், 15,99,595. பெருகியிருக்க வேண்டிய மாவட்டத்தில் மூன்று இலட்சத்து அறுபத்தேழாயிரம் பேரைக் காணோம்! ஊரைவிட்டு ஓடியவர் சிலர். மண்ணோடு மண்ணானவர் மிகப் பலர்.

அந்த 1876ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு வாரம் ஆயிற்று. 1877 ஜனவரி முதல் நாள், டெல்லியிலே தர்பார்! விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று எக்காளம் முழங்கிற்று. வைசிராய் லிட்டன் பல்லாயிரம் விருந்தினருக்குப் பந்தி விரித்தார். அதே ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். சோறு கொண்டுவரவா? இல்லை, செலவைக் குறைக்க! நிவாரண வேலையிலே கல்லும் மண்ணும் சுமந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்றார். "இந்த அளவில் உழைக்கும் உடல் தாங்காது" என்று சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். கணக்குப் புத்தகம் அவர் வாதத்தை விழுங்கிற்று. இதிலுள்ள கொடுமை என்ன தெரியுமா? இதே டெம்பிள், 1874இல் பீகாரிலே பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியை இறக்கி, சாவைப் பெருமளவு தடுத்துக் காட்டியவர்! அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு, "ஊதாரி" என்ற வசவு. அந்த வசவைத் துடைத்துக்கொள்ளத் தென்னாட்டு எலும்புக்கூடுகள் அவருக்குத் துணியாயின.

பிறகு, ஈகை வந்தது. 1877 ஆகஸ்டில் சென்னையில் கூடிய கூட்டம் இலண்டனுக்கு வேண்டுகோள் விடுத்தது. இலண்டன் மேயர் திறந்த நிதியில் ஆறு இலட்சம் பவுனுக்கு மேல் குவிந்தது. முகமறியா மக்களுக்காக அள்ளிக் கொடுத்தனர் ஆங்கில நாட்டு மக்கள். அந்த மனத்தை நாம் வாழ்த்துகிறோம். ஆனால், அது வந்தது எப்போது? மழை பொய்த்து ஓராண்டு உருண்டபின்! ஒரு கை பறிக்கிறது. மறு கை பிச்சையிடுகிறது. நாட்டின் தானியம் கப்பலேறிக் கடல் கடந்துகொண்டேயிருக்க, எதிரே நன்கொடை கப்பலேறி வந்தது. கொடுத்த கையை வாழ்த்திவிட்டு, பறித்த கையைக் கேள்வி கேட்காமல் போனால், நம் நன்றியுணர்ச்சி அறியாமையின் மறுபெயராகிவிடும்.

பஞ்சத்தின் அறுவடையைக் கண்டு ஆட்சி ஒருவாறு விழித்தது. 1880இல் பஞ்ச ஆணைக் குழுவின் அறிக்கை வந்தது. 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு பிறந்தது. பசித்தவனுக்கு வேலையும் கூலியும் உணவும் தருவது ஆட்சியின் கடமை என்று, எத்தனையோ குறைகளோடுதான், எழுதப்பட்டது. கருணையைக் கடமையாக மாற்றிய எழுத்து அது. 1943இல் வங்காளத்தில் அந்த விதியை நடைமுறைக்குக் கொண்டுவராமல் விட்டனர். விளைவு? இலட்சக்கணக்கில் பிணங்கள். விதி இருந்தும் இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ?

பஞ்சம் பழங்கதை என்பீர்கள். சரி, முட்டைக்கு வருவோம்.

நாமக்கல் என்றாலே முட்டை. கோழிப் பண்ணைகளிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டைகள் லாரி ஏறுகின்றன. டிசம்பர் வந்தால் கேக்குக்கு முட்டை வேண்டும், வடநாட்டுக் குளிருக்கு முட்டை வேண்டும் என்று விலை மேலேறுவதும் ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி. அந்த முட்டைகளில் ஒன்று கேக்குக்குள் புகுகிறது. கேக் ஒரு துண்டாகிறது. துண்டு ஏழைச் சிறுவன் ஒருவனின் கையில் வைக்கப்படுகிறது. "அங்கிளுக்கு நன்றி சொல்லு" என்று அவன் தலையை யாரோ பின்னாலிருந்து மெல்ல அழுத்துகிறார்கள். சிறுவன் நன்றி சொல்கிறான்.

அதே பண்ணையின் இன்னொரு முட்டை பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. ஆசிரியப் பணி புரியும் நாம் அதை நாள்தோறும் பார்க்கிறோம். மணி அடிக்கிறது. தட்டுகள் வரிசையில் நிற்கின்றன. சோற்றின்மீது ஒரு முட்டை விழுகிறது. எந்தப் பிள்ளையும் கைகூப்புவதில்லை. எந்தப் பிள்ளையும் தலை குனிவதில்லை. மாறாக, "எனக்கு முட்டை சின்னதா இருக்குது, மாத்திக் குடுங்க!" என்று சண்டை பிடிக்கிறது! அந்தச் சண்டை இருக்கிறதே, அதுதான், தோழர்களே, நாம் கேட்க விரும்பும் இசை! கேக்குத் துண்டை வாங்கிய பிள்ளை தலை குனிந்து நிற்கிறது. சத்துணவு முட்டையை வாங்கிய பிள்ளை தலை நிமிர்ந்து வழக்காடுகிறது. இரண்டும் ஒரே கோழியின் முட்டை. ஒன்றின் பெயர் தருமம், மற்றொன்றின் பெயர் உரிமை. வேறுபாடு முட்டையில் இல்லை, அது கைக்கு வந்த வழியில் இருக்கிறது.

அந்த வழி எளிதில் அமைந்ததன்று. 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையேற்றிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியின் பள்ளியொன்றில் பகலுணவைத் தொடங்கிற்று. ஒரு பிள்ளைக்கு ஓரணா! அதையும் பொறுக்கவில்லை அன்றைய வெள்ளை ஆட்சி. செலவுக் கணக்கு காட்டிச் சில ஆண்டுகளில் தடுத்துவிட்டது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மீண்டும் பிறந்தது. பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்றார். முதலில் ஊர்மக்களின் நன்கொடையிலே அடுப்பு எரிந்தது. பின்னர் அரசின் பணம் வந்து சேர்ந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை தட்டில் விழுந்தது. 2010 அளவில் அது வாரத்துக்கு ஐந்தாயிற்று. 2001 நவம்பர் 28 அன்று உச்சநீதிமன்றம், சமைத்த பகலுணவு நாடெங்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தாக வேண்டும் என்று ஆணையிட்டது. 2013இல் அது நாடாளுமன்றத்தின் சட்டமாயிற்று. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் காலை உணவும் சேர்ந்தது.

இந்த வரலாற்றிலே ஊர்மக்களின் நன்கொடைக்கும் இடம் உண்டு என்பதைக் கவனியுங்கள். 1956இல் ஒரு படி அரிசி கொடுத்த உழவர் வீட்டு அம்மாள் ஈகைதான் செய்தார். ஆனால் அந்த ஈகை மேடை கேட்கவில்லை. சட்டமாக வளர்ந்தது, தன் தேவையைத் தானே தீர்த்துக்கொண்டது. நல்ல ஈகைக்கு இலக்கணம் இதுவே: நாளை தான் வேண்டியிராத நிலையை உண்டாக்குவது. ஆண்டுதோறும் அதே ஏழைக்கு அதே மேடையில் அதே சேலையை வழங்கி, "இது எங்கள் இருபத்தைந்தாவது ஆண்டு" என்று வெள்ளி விழாக் கொண்டாடுவோரே! இருபத்தைந்தாண்டாக அவள் ஏழையாகவே இருக்கிறாள் என்பதையா கொண்டாடுகிறீர்?

கிறிஸ்தவ அன்பர்களுக்குச் சொல்ல அவர்கள் மரபிலேயே ஒரு சான்று இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலைமேல் இருக்கிறது அது. ஜெசி பிராண்டு என்ற ஆங்கிலப் பாதிரியார், தம் துணைவியார் ஈவ்லினுடன் அந்த மலையிலே குடியேறி வாழ்ந்து, மலைக்காய்ச்சலின் கொடிய வடிவுக்கு இரையாகி 1929இல் அங்கேயே மடிந்தார். அவர்கள் மகன்தான், உதகமண்டலத்தில் 1914இல் பிறந்து, பின்னாளில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்டு. தந்தையைப் பற்றி மகன் எழுதிய நினைவுகளில் நரம்புச் சிலந்தி வருகிறது. குடித்த நீரோடு உடலுக்குள் புகுந்து, ஓராண்டு வளர்ந்து, முழ நீளப் புழுவாகக் காலைப் பிளந்துகொண்டு வெளிவரும் கொடுமை அது. வலி தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைப்பான். புழு அந்தத் தண்ணீரிலே தன் குஞ்சுகளைக் கொட்டும். அதே நீரை ஊர் குடிக்கும். அடுத்த ஆண்டு ஊரே நொண்டும்.

பாதிரியார் அந்தப் புழுவைக் குச்சியிலே சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல், நாள்கணக்கில் வெளியே இழுத்தார். அது இரக்கம், போற்றத்தக்க இரக்கம். ஆனால், அதோடு நிறுத்திக்கொண்டு, "இன்று பத்துப் புழு இழுத்தேன்" என்று படம் எடுத்துக்கொள்ளவில்லை. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்புங்கள், தண்ணீரில் கால் வைக்காதீர்கள், வடிகட்டிக் குடியுங்கள் என்று மலைமக்களிடம் மன்றாடினார். புழுவை இழுப்பது ஈகை. கிணற்றுக்குச் சுவர் எழுப்புவது நீதி! பின்னாளில் இந்த நாடு நரம்புச் சிலந்தியை எப்படி ஒழித்தது? அந்நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. சுவராலும் வடிகட்டியாலும், காப்பான குடிநீராலும், ஊர்தோறும் நடந்த கண்காணிப்பாலும் ஒழித்தது. 1996இல் கடைசி நோயாளி; 2000இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று. பண்டிகைக்குப் பண்டிகை புழு இழுத்துக்கொண்டிருந்தால் இன்றும் இழுத்துக்கொண்டேதான் இருப்போம்.

இன்று நம் சமவெளியில் எந்தக் கிணற்றுக்குச் சுவர் இல்லை? மலையிலிருந்து இறங்கிக் காவிரிக் கரைக்கு வாருங்கள், காட்டுகிறோம்.

பள்ளிபாளையம். நாளெல்லாம் விசைத்தறியின் ஓசை. 2025 ஜூலையில் அந்த ஊர்ப் பெயர் நாடெங்கும் அடிபட்டது. எதற்கு? கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளரைத் தரகர்கள் வலை வீசிப் பிடித்து, சில இலட்சம் ரூபாய்க்கு அவர்கள் சிறுநீரகத்தை விற்க வைத்தனர் என்ற செய்தியால்! அரசு விசாரணைக் குழு அமைத்தது. உயர்நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மனித உறுப்பை விலைக்கு விற்பதைத் தடை செய்யும் சட்டம் 1994இலேயே வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் படுத்திருந்தது; கத்தி உடம்பிலே பாய்ந்தது.

சிறுநீரகத்தை ஏன் விற்றான்? குடிகாரன், சோம்பேறி, பேராசைக்காரன் என்று பட்டம் கட்டத் துடிக்கும் நாவுகளே, கொஞ்சம் பொறுங்கள்! தறியில் சேரும்போதே முன்பணம். அந்த முன்பணம் அடையும்வரை வேறு தறிக்கு நகர முடியாத நிலை. வீட்டிலே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கந்துவட்டி. அதை அடைக்க மகளிர் குழுக் கடன். அதை அடைக்க இன்னொரு குழுவின் கடன். வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்கும் தவணைக்காரர். கூலியோ தறி ஓடினால்தான். நூல் விலை ஏறினால் தறி நிற்கும், தறி நின்றால் உலை நிற்கும், தவணை மட்டும் நிற்காது! கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. கந்துவட்டித் தடைச் சட்டம் இம்மாநிலத்தில் 2003இல் வந்தது. கடன் வசூலின் பெயரால் நடக்கும் கொடுமைக்கு எதிராக 2025இல் இன்னொரு சட்டமும் வந்தது. சட்டங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றைக் கையிலெடுத்துத் தொழிலாளியின் வாசல்வரை கொண்டு சேர்க்கும் கால்கள்தாம் இல்லை.

இந்த மனிதனுக்கு டிசம்பர் 24ஆம் நாள் இரவு ஐந்து கிலோ அரிசியும் ஒரு கேக்குத் துண்டும் தருகிறீர். நன்று. 31ஆம் நாள் அரிசி தீரும். ஜனவரி முதல் வாரத் தவணைக்கு அவன் எதை எடுத்துக் கொடுப்பான்? உடம்பிலே இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பானே, அந்தக் கணக்கிலே உங்கள் கேக்குத் துண்டுக்கு இடம் உண்டா?

கிறிஸ்துமஸ் ஈகை என்றதும் உலகம் நினைவுகூரும் கதை ஒன்று உண்டு. 1843 டிசம்பரில் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதி வெளியிட்ட கிறிஸ்துமஸ் கதைதான் அது. ஸ்குரூஜ் என்னும் கஞ்சன் ஓரிரவில் மனம் மாறுகிறான். தன் எழுத்தர் வீட்டுக்கு வான்கோழி அனுப்புகிறான். பள்ளிகளிலே இதை நாடகமாகப் போடுகிறார்கள். வான்கோழியோடு திரையை இறக்கிவிடுகிறார்கள். கதை அங்கே முடியவில்லை! மறுநாள், அலுவலகத்தில், அந்த எழுத்தருக்கு ஊதியத்தை உயர்த்துவதாக ஸ்குரூஜ் அறிவிக்கிறான். டிக்கன்ஸ் கண்ட மனமாற்றத்துக்கு அதுதான் முத்திரை. சுரங்கத்திலும் ஆலையிலும் குழந்தைகள் வதைபடுவதை விசாரித்த குழுவின் அறிக்கை அவரை உலுக்கிய காலம் அது. இங்கிலாந்தின் ஆலைகளிலே பெண்களும் இளையோரும் நாளொன்றுக்குப் பத்து மணிக்கு மேல் உழைக்கக் கூடாது என்ற சட்டம் 1847இல் வந்தது. வான்கோழியால் வந்ததா அது? போராட்டத்தால் வந்தது.

நம் சமவெளியின் ஸ்குரூஜுகளுக்கு வான்கோழிப் பகுதி மட்டும் மனப்பாடம். ஊதிய உயர்வு என்ற பக்கத்தை யாரோ கிழித்துவிட்டார்கள் போலும்! பண்டிகைக்குப் பத்துப் பேருக்கு வேட்டி சேலை வழங்கும் முதலாளி, தம் தறியில் ஓடும் கூலியை ஒரு ரூபாய் உயர்த்தச் சொன்னால், "தொழில் நலிந்துவிட்டது" என்று கண்ணைக் கசக்குகிறார். தானத்துக்குக் கை நீள்கிறது. கூலிக்குக் கை சுருங்குகிறது. ஏன் தெரியுமா? தானம் கொடுத்தால் வாங்குபவன் வாழ்த்துவான். கூலி கொடுத்தால் வாங்குபவன் எண்ணிப் பார்ப்பான்!

இனி, எம்மை நோக்கி வரும் கணைகளைச் சந்திப்போம்.

"பசித்தவன் வாயில் தத்துவத்தையா ஊட்டுவீர்? கொடுப்பவனைத் தடுக்கலாமா?" என்பர் சிலர். தடுக்கவில்லை, ஐயா. இன்றிரவு பசிப்பவனுக்கு இன்றிரவே சோறு வேண்டும். சட்டம் வரும்வரை வயிறு காத்திராது. கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால், கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறோம்.

"சோற்றைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள், அதைக் கண்டியுங்கள்" என்பர் வேறு சிலர். பிரசங்கத்தைக் கேட்டால்தான் பொட்டலம் என்று எவர் சொன்னாலும், அது கோயில் வாசலானாலும் தேவாலய வாசலானாலும், கண்டிக்கிறோம். பசியின்மேல் வரி போடும் செயல் அது. ஆனால் இந்தக் கூக்குரல் எழுப்புவோரே, உங்களையும் ஒன்று கேட்கிறோம். ஒரு பொட்டலச் சோற்றுக்கு மதம் மாறும் அளவுக்கு அவனைப் பசிக்க விட்டது யார்? அவன் மதம் மாறுவது உங்கள் கண்ணை உறுத்துகிறது. அவன் பட்டினி கிடந்தது உறுத்தவில்லையே!

"எல்லாவற்றையும் அரசே செய்யட்டும் என்றால் மனிதனுக்கு மனிதன் காட்டும் அன்பு எங்கே?" என்பர் நல்லவர்கள் சிலர். நியாயமான கேள்வி. ஆகவே அவர்களுக்கு விடையாகவும், நம் இளைஞருக்கு வேலைத்திட்டமாகவும் சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, படத்தை ஒழியுங்கள். கொடுக்கும் கை தெரியட்டும், வாங்கும் முகம் தெரிய வேண்டாம். இரண்டாவது, கேட்டுக் கொடுங்கள். சேலைமேல் சேலை பெற்ற கிழவிக்குக் கண்ணுக்குக் கண்ணாடி தேவைப்படலாம். முதியோர் உதவித்தொகை மனு எழுத ஓர் ஆள் தேவைப்படலாம். அவளைக் கேளாமல் அவள் தேவையைத் தீர்மானிக்க நீங்கள் யார்? மூன்றாவது, ஓர் இரவுக்குத் தேடும் தொண்டர் படையை ஆண்டு முழுதும் வைத்திருங்கள். தேவாலயங்களில் படித்தவர் உண்டு, கணக்கர் உண்டு, வழக்கறிஞர் உண்டு. பகுத்தறிவு மன்றங்களிலும் உண்டு. வாரத்துக்கு ஒரு மாலை, கடன் புத்தகத்தையும் தவணை அட்டையையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். வட்டி எவ்வளவு, சட்டம் அனுமதிப்பது எவ்வளவு என்று கூட்டிக் கழித்துக் காட்டுங்கள். மிரட்டுபவன்மேல் மனு எழுதிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு அவனோடு நடந்து செல்லுங்கள். மணி அடிக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் நடப்பதைவிட அந்த நடை புண்ணியம் என்று நாம் சொல்லமாட்டோம், புண்ணியத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. அது பயன் என்று சொல்வோம். நான்காவது, கூலி கேட்டு அவன் நிற்கும் நாளிலே அவன் பக்கம் நில்லுங்கள். டிசம்பரில் அவனுக்குக் கேக் கொடுத்துவிட்டு, கூலி உயர்வு கேட்டு அவன் தறியை நிறுத்தும் நாளில் கதவைச் சாத்திக்கொள்பவரின் அன்பு அரையன்பு.

கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவனைக் கொடைக்குப் புகழ்வதைத் தமிழர் இன்றும் நிறுத்தவில்லை. அந்த ஓரியைக் காண வந்த புலவர் கழைதின் யானையாரின் பாட்டொன்று புறநானூற்றில் இருக்கிறது. நம் மேடை வள்ளல்கள் அதைப் பாதியோடு நிறுத்திவிடுகின்றனர். கொடுப்பவனை உயர்த்திய அப்புலவர், கொடுத்ததைக் கொள்ளேன் என்று மறுப்பவனை அவனுக்கும் மேலே வைத்தார்! வள்ளலின் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல ஒரு புலவருக்கு அன்று நெஞ்சுரம் இருந்தது. கேட்டுக்கொள்ள ஒரு வள்ளலுக்குப் பெருந்தன்மை இருந்தது.

அந்த மறுக்கும் நாள் வர வேண்டும். பள்ளிபாளையத்துத் தறித் தொழிலாளி தன் கூலியிலே தன் மகளுக்குச் சேலை வாங்கி, தன் காசிலே தன் மகனுக்குக் கேக் வாங்கி, மேடையிலிருந்து தன் பெயரை அழைப்பவரைப் பார்த்து, "நன்றிங்க, எங்களுக்கு இருக்குது, வேண்டியவங்களுக்குக் குடுங்க" என்று சொல்ல வேண்டும். கொடுப்பதற்கு ஆள் தேடி வள்ளல்கள் ஊர் ஊராய் அலைய வேண்டும்! அலைந்து அலைந்து, ஆள் கிடைக்காமல், மேடையைப் பிரித்துப் பந்தல்காரருக்குக் கூலி கொடுத்து அனுப்ப வேண்டும். அந்தக் கூலியையாவது பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்!